வியர்க்காத கண்ணாடிப் பெட்டி

கண்ணு தினேஷ்,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஹேமாவோட அப்பா ஒத்துக்கினாரும்மா. இத்தினி மாசமா முடியவே முடியாதுன்னு இருந்தவரு, இப்ப கல்யாணத்துக்குத் தேதி பார்க்கச் சொல்றாரு. நீ எதனா பண்ணியா?" என்று கேட்டாய். "நான் என்னா பண்ணப்போறேன், எனக்கு வேற வேலை இல்லியா?" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. நல்ல சேதி சொன்ன பிள்ளையை ஒரு வார்த்தை வாழ்த்தாமல் போனை வைத்த அம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவ்வளவு சந்தோஷத்திலும் 'இது எப்படி நடந்தது' என்று உனக்குக் கேட்கத் தோன்றியதே, அதில் எனக்குப் பெருமைதான். அந்தப் புத்தி உன் அப்பா வழியில் வந்ததில்லை. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தும், வண்டி நன்றாக இருக்கிறது என்று டிரைவர் சொன்னால் அப்படியே நம்பி டீ குடிக்கப் போகிற மனுஷன். நடந்ததை முழுசாகச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நடுவில் புகுந்து 'ஏம்மா இப்படிப் பண்ணே' என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

என் குணம் உனக்குத் தெரியும். கல்யாணமாகி சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதிலேயே பட்டு சொசைட்டியில் சரக்குப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். நெய்து கொண்டுவருகிற ஒவ்வொரு புடவையையும் விரித்து, கரையைப் பார்த்து, எடையைப் பார்த்து, ஜரிகையை உரசிப் பார்த்து வாங்கவேண்டும். உரசினால் உள்ளே இருக்கிற சிவப்புப் பட்டு நூல் தெரியவேண்டும். வேறு நிறம் தெரிந்தால் அது அசல் ஜரிகை இல்லை. பட்டிலேயே சந்தேகம் வந்தால், முந்தானை ஓரத்தில் தொங்குகிற நூலில் ஒன்றை இழுத்துக் கொளுத்துவேன். முடி கருகுகிற நாற்றம் வரவேண்டும். "என்னாம்மா, என் மேலயே நம்பிக்கை இல்லியா?" என்று கேட்பார்கள். "உங்க மேல இருக்குது, நூல் மேலதான் இல்ல" என்பேன். வருஷக்கணக்காக இதையே செய்தால் கண் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்கிறேன், பூக்காரியின் முழத்தை என் கையால் மறுபடி அளக்கிறேன் என்று நீயும் உன் தங்கையும் கேலி செய்வீர்கள். செய்துகொள்ளுங்கள். இதுவரை என்னிடம் யாரும் சொத்தைச் சரக்கைத் தள்ளிவிட்டதில்லை.

அப்படிப்பட்டவளிடம் வந்து, குளிர்ந்த அணுக்களுக்குள் தகவலைச் சேமித்து வைப்பதுதான் என் வேலை என்று நீ சொன்னால் நான் என்ன நினைப்பேன்? யாரோ என் பிள்ளையை நன்றாக ஏமாற்றுகிறார்கள் என்றுதான். என்ன தகவல் என்றேன். குவாண்டம் தகவல் என்றாய். எங்கே இருக்கிறது என்றேன். அணுக்களில் என்றாய். காட்டு என்றேன். "பார்த்தா போயிடும்மா" என்றாய். இந்தக் கடைசிப் பதிலில்தான் எனக்குச் சந்தேகம் முற்றியது. போலி ஜரிகை கொண்டுவருகிறவனும் 'உரசினா பாழாயிடும்மா' என்றுதான் ஆரம்பிப்பான். நான் தொழிலில் கேட்டிருக்கிற அத்தனை சாக்குகளையும் உன் ஒரு பதில் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அதனால்தான் போன வருஷம் அப்பாவை இழுத்துக்கொண்டு பெங்களூர் வந்தேன். உன்னைப் பார்க்க வருவதாகச் சொன்னேன். பார்க்க வந்தது உன் பெட்டியை. கறுப்புத் திரை போட்ட அறை, நடுவில் ஒரு பெரிய மேசை, அது முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள், அதற்கெல்லாம் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உலகத்திலேயே குளிரான இடங்களில் இதுவும் ஒன்று என்று பெருமையாகச் சொன்னாய். நான் குனிந்து பார்த்தேன். ஜூஸ் கடைக் கண்ணாடி வியர்க்கிற அளவுக்குக்கூட அது வியர்த்திருக்கவில்லை. "குளிருதுன்றே, கண்ணாடியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லியே?" என்று கேட்டேன். "அம்மா, உள்ள இருக்கிற காத்தையெல்லாம் உறிஞ்சிட்டோம். ருபீடியம்னு ஒரு உலோகம், அதோட அணுக்கள் கொஞ்சம் மட்டும் நடுவுல மிதந்துக்கினு இருக்குது. எதையும் தொடறதில்ல. அதனால கண்ணாடி குளிராது" என்றாய். ஐஸ் உண்டா என்றேன், இல்லை. பிரிட்ஜ் உண்டா என்றேன், இல்லை. பிறகு எதை வைத்துக் குளிர வைக்கிறாய் என்றால், லேசர் வெளிச்சத்தை வைத்து என்கிறாய். சித்திரை வெயிலில் சன்னதித் தெருவில் செருப்பில்லாமல் நடந்தவளிடம், வெளிச்சம் குளிர வைக்கும் என்று சொல்ல உனக்குத் துணிச்சல் அதிகம்தான்.

"கருட சேவை கூட்டத்துல நாலு பக்கமும் தள்ளினா நீ நகர முடியுமா? அந்த மாதிரி, சுத்தியும் மேலயும் கீழயும் வெளிச்சம் தள்ளுது. அணு நகராம நின்னா அதுதான் குளிர்" என்று விளக்கினாய். "கருட சேவையில நகரத்தான் முடியாது, ஆனா வேர்த்துக் கொட்டுமேடா, குளிராதே" என்றேன். அப்போதுதான் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். "ஆன்ட்டி, இது கொஞ்சம் விவரமான கூட்டம். தன்னை எதிர்த்து ஓடி வர்றவங்களை மட்டும்தான் தள்ளும், ஓடாதவங்களை அவ்வளவா தொந்தரவு பண்ணாது. அணு எந்தப் பக்கம் ஓடினாலும் எதிர்ல ஒரு தள்ளு விழுது. அதனால வேகம் கொறைஞ்சுக்கினே போகும். வேகம் கொறைஞ்சா சூடு கொறைஞ்சதுன்னு அர்த்தம்" என்றாள். ஹேமாவை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். பதில் சரியாக இருந்தது. அதைவிட, அவள் சொல்லும்போது நீ அவளைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. நீ வீட்டில் சொல்லுவதற்குப் பல மாதம் முன்னாலேயே எனக்குத் தெரியும். கேட்காமல் வைத்திருந்தேன்.

பிறகு திரையில் ஒரு வெளிச்சப் புள்ளியைக் காட்டி, இதுதான் அணுக் கூட்டம் என்றீர்கள். இதை எப்படி நம்புவது? கல்யாண மண்டப வாசலில் டிவி வைத்து மணமக்கள் படம் ஓட்டுகிறார்கள்; அந்த மாதிரி ஏதோ ரெகார்டிங் ஓடுகிறது என்றே நினைத்தேன். என் கையில் உனக்காகக் கொண்டுவந்த கோயில் இட்லி தூக்கு இருந்தது. தெரியாமல் பட்டதுபோல் அதை அந்த மேசை மேல் டொம்மென்று வைத்தேன். புள்ளி மறைந்துவிட்டது. உன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "லேசர் லாக் விட்டுப்போச்சு, அதிர்ந்ததுல வெளிச்சம் கொஞ்சம் பிசகிடுச்சு, பரவால்ல ஆன்ட்டி" என்று ஹேமா எதையோ திருகி, பொறுமையாகப் புள்ளியைத் திரும்பக் கொண்டுவந்தாள். அப்பா என்னை முறைத்தார். எனக்கோ அப்போதுதான் மூச்சு வந்தது. ரெகார்டிங்காக இருந்தால் என் தூக்குக்கு அது பயந்திருக்காது. ஆக, பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்கிற வரை ஒப்புக்கொண்டேன்.

இட்லி சாப்பிடும்போது மீதியைக் கேட்டேன். வெளிச்சத்தில் ஒரே ஒரு பொட்டு எடுத்துக்கொள்கிறோம், அது ஒரு சேதியைச் சுமந்து வருகிறது. அந்தச் சேதி இதுவா அதுவா என்று முடிவாகாமல் இரண்டுமாக இருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஏதாவது ஒன்றாகி, பழைய நிலை அழிந்துவிடும். நகல் எடுக்கவும் முடியாது என்றாய். அந்த வெளிச்சத்தை இன்னொரு லேசரின் துணையோடு அணுக் கூட்டத்துக்குள் நிறுத்திவிட்டால், அதன் குறி எந்தத் தனி அணுவிலும் இல்லாமல் எல்லாவற்றிலும் சேர்ந்து பரவி நிற்கும். அணுக்கள் சூடாகி ஓடினால் குறி கலைந்துவிடும், அதற்குத்தான் இவ்வளவு குளிர். மறுபடி லேசரைப் போட்டால் வெளிச்சம் வெளியே கிளம்பிவிடும் என்றாய். தூர ஊருக்குத் திருட முடியாத ரகசியம் அனுப்ப, வழியில் இப்படித் தங்கிப்போக இடம் வேண்டுமாம். எல்லாம் சரி. "உள்ள இருக்கும்போது பார்க்கக் கூடாதுன்னா, இருக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. நீயும் நன்றாகவே பதில் சொன்னாய்.

"நமக்கு முன்னாடியே தெரிஞ்ச சேதியைப் போட்டு, வெளிய எடுத்துப் பார்ப்போம்மா. போட்ட மாதிரியே வருதான்னு திரும்பத் திரும்பப் பார்ப்போம். வேற வேற மாதிரி போட்டும் பார்ப்போம். அப்படிப் பார்த்துப் பார்த்து அந்த இடம் நாணயமான இடம்னு தெரிஞ்சப்புறம்தான், தெரியாத சேதியை நம்பி வைக்க முடியும்" என்றாய். சேதியைச் சந்தேகப்படக் கூடாது, வைக்கிற இடத்தைச் சந்தேகப்படலாம். இது எனக்கு ஒத்துவந்தது. பிறகு கை கழுவப் போகும்போது, போகிற போக்கில் இன்னொன்று சொன்னாய். "உள்ள வாங்குறது ஒண்ணும் பெரிசில்லம்மா. இந்தச் செவுருகூட வெளிச்சத்தை வாங்கிக்கும். கேக்கும்போது திருப்பித் தரணும், அதுதான் கஷ்டம்." அப்பா தலையாட்டினார், அவர் எதற்கும் ஆட்டுவார். ஊர் வந்து சேருகிற வரை பஸ்ஸில் எனக்கு மட்டும் அந்தச் சுவர்ப் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நீ உன் பெட்டிக்குச் செய்கிற சோதனையை நான் உனக்குச் செய்து வளர்த்திருக்கிறேன். உனக்குத் தெரியாது. நீ நாலாவது படிக்கும்போது, தீபாவளி அதிரசத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு உன்னிடம் மட்டும் இடத்தைச் சொன்னேன். உன் தங்கை வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். நீ மூச்சு விடவில்லை. இன்னொரு முறை, உன் அத்தை எடுத்துக்கொடுத்த புடவை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை என்று உன் காதில் போட்டுவைத்தேன். பொங்கலுக்கு அத்தை வந்தபோது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறவில்லை, உன் வழியாகச் சேதி போகவில்லை. இப்படி நிறைய. எல்லாவற்றிலும் தேறினாய். பிறகுதான் அந்த நாள் வந்தது. நீ விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்புகிற அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டில் உன்னிடம், மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, முகூர்த்த சீசன், சொசைட்டியில் ஆள் இல்லை, ஆவணி முடிந்ததும் பார்த்துக்கொள்கிறேன், அப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்றேன். அது சோதனைக்காகச் சொன்னதில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. நீ சரி என்று தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினாய். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது, அப்பா எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு சொசைட்டி வாசலில் வந்து நின்றார். அன்றைக்கே மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார், புற்றுநோய்க் கட்டி என்று ஆபரேஷன் ஆனது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னதை அவர் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நான் உன்னோடு பல வாரம் பேசவில்லை. உன்னை ஓட்டைப் பாத்திரம் என்று ஒதுக்கி, அதற்கப்புறம் முக்கியமான எதையும் உன்னிடம் சொன்னதில்லை. நீ சுவரைப் பற்றிச் சொன்ன பிறகுதான், நான் இத்தனை வருஷமாகச் சோதித்ததெல்லாம் சுவருக்கான சோதனை என்று உறைத்தது. அதிரசம் இருக்கிற இடத்தைச் சொல்லாமல் இருக்க ஒரு சுவரே போதும்; தரவேண்டிய நேரத்தில் வெளியே தரத்தான் உன்னைப் போல் ஆள் வேண்டும். கல்யாணம் ஆனபிறகு ஹேமா சொல்வதை உள்ளே வாங்கிக்கொண்டு கல் மாதிரி இருந்துவிடாதே கண்ணு, நிறையப் புருஷர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

சரி, அவள் அப்பா கதைக்கு வருகிறேன். அரக்கோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், அணுவைக் குளிர வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டு மறுக்கிறார் என்று நீ சொல்லியிருந்தாய். போன வாரம் நம் தெரு முனையில் இஸ்திரி போடுகிறவர் என்னைக் கூப்பிட்டு, "யக்கா, யாரோ ஒருத்தர் உங்க பையனைப் பத்தி விசாரிச்சிக்கினு போனாரு" என்றார். நம் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்னால் தெருவுக்கு வருவார்கள். நானும் பலருக்காகப் போயிருக்கிறேன், தப்பில்லை. மதியம் அவர் சொசைட்டிக்கே வந்துவிட்டார், புடவை வாங்குகிறவர் மாதிரி. மூக்கைப் பார்த்ததுமே தெரிந்தது, அச்சு அசல் ஹேமா மூக்கு. பத்தாததற்கு, புடவையில் தொங்கிய சீட்டைத் திருப்பித் திருப்பித் தேதி தேடினார். புடவைக்கு ஏது காலாவதித் தேதி? நான் காட்டிக்கொள்ளாமல் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் தினேஷ்னு ஒரு பையன், பெங்களூர்ல ஆராய்ச்சி பண்றானாமே, தெரியுமாம்மா?"

"தெரியும். எங்க தெருதான்."

"என்னா வேலைமா அது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இஸ்திரிக்காரரு பிரிட்ஜ் ரிப்பேருன்றாரு."

"அணுவைக் குளிர வச்சி, வெளிச்சம் கொண்டாந்த சேதியை அதுக்குள்ள வச்சிருந்து எடுக்கிற வேலைங்க."

"எவ்ளோ நாள் தாங்கும்?"

"நாளா? ஒரு நொடி தாங்கினாலே பெரிய விஷயமாம்."

"ஒரு நொடியா! என் கடையில இன்சுலின் பிரிட்ஜ்ல மாசக்கணக்கா இருக்குது. ஒரு நொடி வச்சிருக்கவா இவ்ளோ படிப்பு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்த ஒரு நொடியில வெளிச்சம் உலகத்தையே சுத்தி வந்திருக்கும். அதைப் புடிச்சி, கசங்காம நிக்க வச்சிருக்காங்க. உங்க இன்சுலின் எங்கியாவது ஓடுதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், நான் நம்பாத வேலைக்கு நானே வக்காலத்து வாங்குகிறேன் என்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. "பார்க்க முடியாததை வச்சிருக்கேன்னு யார் வேணா சொல்லலாமேம்மா. எனக்கு வேண்டிய பொண்ணு ஒண்ணும் அங்கதான் இருக்குது. அவளும் அதையேதான் சொல்றா. அவளையும் சேர்த்து ஏமாத்துறாங்களோன்னு பயமா இருக்குது" என்றார். அந்தப் பயம் எனக்குத் தெரியாததா? எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். தெரிந்ததைப் போட்டுத் திரும்ப எடுக்கிற கதை, தூக்கை வைத்ததும் புள்ளி ஓடிப்போன கதை, சுவர்க் கதை எல்லாம். கவனமாகக் கேட்டார்.

"சரிம்மா. பெட்டியை நம்பலாம். பையனை?"

"அவங்க அம்மா பெரிய சந்தேகக்காரிங்க" என்று ஆரம்பித்தேன். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்லுவதுபோல் என்னைப் பற்றியே சொன்னேன். அவள் அதிரசம் ஒளித்ததை, அத்தை முகத்தைப் பார்த்ததை, பஸ் ஸ்டாண்டில் கட்டியைப் பற்றிச் சொன்னதை, யாரிடமும் சொல்லாதே என்றதை. அன்றைக்கு அவள் சொன்ன பேச்சை அவன் கேட்டிருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருக்க மாட்டாள் என்று சொல்லும்போது, விரித்த புடவையை மடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் மறுமுனையைப் பிடித்து, மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தார்.

"இப்ப உங்களுக்கு உடம்பு எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டார்.

உள்ளே நுழையும்போதே நான் யாரென்று தெரிந்துதான் வந்திருக்கிறார், தினேஷ். நான் அவரைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். "நல்லா இருக்கேங்க" என்றேன். மருந்துக்கடைக்காரர் அல்லவா, அதோடு விடவில்லை. "அந்த ஆபரேஷனுக்கப்புறம் தினமும் மாத்திரை குடுத்திருப்பாங்களே, நடுவுல நிறுத்தக் கூடாது. விடாம போடறீங்கதானே?" என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "போடறேங்க" என்றேன். அவர் நம்பிவிட்டார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

போடவில்லை கண்ணு. மாத்திரை போட்டால் வருகிற முட்டி வலி தாங்காமல் அதை எப்போதோ நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அம்மா